தலைவர் கண்ணால் கண்ட வெயில்

வேலிக்குச் சொந்தக்காரரே தீர்ப்புச் சொன்னால் வழக்கு எந்தப் பக்கம் சாயும்? பஞ்சாயத்துத் தலைவர் வைரவநாதன் தன் கொடுக்காப்புளி வேலியை வெட்டாமல் வளரவிட்டு, பக்கத்து வீட்டுச் சலவைக்காரி அங்கம்மாளின் முற்றத்தையே இருட்டாக்கியிருந்தார். அவள் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டாள்.

"அவ முற்றத்துல வெயிலுக்கு ஒரு குறையும் இல்ல. நானே கண்ணால பாத்தேன்," என்றார் தலைவர். எட்டிக்கூடப் பார்க்காத ஊரும் தலையாட்டியது.

கையோடு ஒரு மூட்டையையும் அவள் பக்கம் தள்ளினார். "கொடியேத்தத் தாசில்தார் வர்றாரு. அன்னைக்குக் காலையில வேட்டி சட்டை மொடமொடன்னு வந்துடணும்."

வந்தது. ஊர் கூடியிருந்த தன் வீட்டு வாசலில், அங்கம்மாள் கொண்டுவந்த மூட்டையைத் தாசில்தார் முன்னாலேயே தலைவர் பிரித்தார். கஞ்சி காயாமல் புளித்து நாறியது. வேட்டியெல்லாம் கரும்புள்ளி.

"என்னடி இது?"

"உங்க வேட்டிதான் ஐயா. வேலி வளந்ததுலேருந்து ஊர்த் துணியை எல்லாம் கண்மாய்க்கரைக்குச் சுமந்துபோயித்தான் காயவெச்சேன். முற்றத்துல வெயில் இருக்குன்னு நீங்களே சொன்ன பிறகும் அங்க போனா, உங்களைப் பொய்யராக்கின மாதிரி ஆகாதா? அதான் முற்றத்துலயே போட்டேன்."

தாசில்தார் வேலியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் ஊரும் சிரித்தது. அன்று சாயங்காலமே வேலி இடுப்பளவுக்கு இறங்கியது.

மறுவாரம் தலைவர் வீட்டுத் துணி டவுன் லாண்டரிக்குப் போனது. அவருக்குப் பயந்து, சிரித்தவர்கள் வீட்டுத் துணியும் பின்னாலேயே போனது.

அங்கம்மாள் முற்றத்தில் இப்போது வெயில் கொளுத்துகிறது. கொடியில்தான் துணி இல்லை.