இடிதாங்கீசரிடம் சேதி சொன்ன மாசிலாமணியார்

நெல் ஆலையில் தவிடு கூட்டுவதைவிடத் தாழ்ந்த வேலை ஒன்று உண்டென்றால், அது மோட்டாருக்கு அடியில் சேரும் எலிப்புழுக்கையைக் கூட்டுவதுதான். இரண்டையும் செய்துவந்தார் மாசிலாமணியார். குடமுருட்டிக் கரையில் இடிதாங்கீசர் கோயில் கொண்ட ஊர் அவருடையது. முன்னொரு காலத்தில் ஊர்மேல் விழவந்த இடியைத் தம் திருமேனியில் வாங்கிக்கொண்டவர் அந்த ஈசர் என்பார்கள். விடியலில் ஆற்றில் முழுகி, நீறு பூசி, அவர் சந்நிதியில் நின்ற பிறகுதான் நம் அடியார் துடைப்பத்தைத் தொடுவார்.

அவருக்கு எழுத்தும் தெரியாது, பாட்டும் வராது. முந்தைய நாள் ஆலையில் யாருக்கு எங்கே மின்சாரம் அடித்தது என்பதை ஒன்று விடாமல் ஈசரிடம் ஒப்பிப்பார். அதுவே அவருடைய பூசை.

“சாமி, நேத்து எலிவேட்டர் சட்டத்துல கை வச்சேன், முழங்கை வரைக்கும் இழுத்துடுச்சு. நெல்லு சொமக்குற வேம்புக்கும் சுர்ருன்னுச்சாம்.”

இடியைத் தாங்கியவருக்குத்தான் இந்த வேதனை புரியும் என்பது அவர் எண்ணம். அதே சேதியை மேஸ்திரி துரைக்கண்ணுவிடமும் நாள் தவறாமல் சொல்வார். ஈசர் மறுமொழி சொன்னதில்லை. துரைக்கண்ணு காலால் சொல்வான்.

“போடா, ஷாக்குப் பண்டாரம்! ஊர்ல இல்லாத கரண்டு ஒனக்கு மட்டும் அடிக்குதோ?” என்று அவன் உதைக்க, ஆலையே சிரிக்கும். அடியார் தவிட்டைத் தட்டிக்கொண்டு எழுந்து, மறுநாளும் போய்ச் சொல்வார்.

நெல்லை மேலே ஏற்றும் அந்த எலிவேட்டரின் மோட்டாரில் மின்கசிவு இருந்தது உண்மை. தரைக்குள் இறங்கும் எர்த் கம்பி இருந்தவரை, கசிந்ததும் பியூஸ் போய்விடும், ஆலை நிற்கும், முதலாளி கத்துவார். எல்லாவற்றுக்கும் இந்தக் கம்பிதான் காரணம் என்று முடிவுகட்டிய துரைக்கண்ணு, அதைக் கழற்றி வீசினான். குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று காவல் நாயைக் கொன்ற புத்திசாலி அவன். அதன்பின் பியூஸ் போகவில்லை; கசிந்த மின்சாரம் போக வழியின்றி இரும்புச் சட்டத்திலேயே நின்றது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, ஈர நெல்கூடையோடு வழுக்கிய வேம்பு, விழாமலிருக்க அந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள். பிடித்தவளை அது விடவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. பற்கள் கிட்டி நாக்கு அறுந்து ரத்தம் கொட்டியது. உள்ளங்கை கருகும் நாற்றம் ஆலை முழுவதும் எழுந்தது. மாசிலாமணியார் ஓடிப்போய்த் துடைப்பத்தின் காய்ந்த மூங்கில் காம்பால் மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்தார். வேம்பு விழுந்தாள். எழவில்லை.

முதலாளி கோவிந்தராசு வந்து, எட்டி நின்று பார்த்தார். “வலிப்பு வந்திருக்கு. தூக்கிட்டுப் போங்க.”

“அவளுக்கு வலிப்பே கெடையாதுங்களே அய்யா!” என்று கதறினான் அவள் கணவன் சின்னையன்.

“ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமாடா?” என்றார் முதலாளி. பாவம் சின்னையன், மனைவியின் பிணத்தை மடியில் வைத்துக்கொண்டு யாரிடம் வாதாடுவான்?

அடியார் கொட்டும் மழையில் இரண்டு மைல் நடந்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அங்கிருந்த எழுத்தர் எழுதி, கைநாட்டு வாங்கி, மின் ஆய்வாளர் அம்மையாருக்குப் போன் செய்தார். “நான் வர்ற வரைக்கும் அந்த மோட்டாரை யாரும் தொடக்கூடாது” என்றார் அம்மையார். “தொடாம பாத்துக்கிறேன் தாயி” என்று வாக்குக் கொடுத்துவிட்டார் அடியார். கம்பியைத் திரும்பப் பூட்டிவிட்டால் வேம்பு வலிப்பில் செத்தவளாகிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது துரைக்கண்ணு புதுக் கம்பியோடும் நான்கு ஆட்களோடும் மோட்டாரை நெருங்கிக்கொண்டிருந்தான். அடியார் ஒரே பாய்ச்சலில் முன்னே போய் மோட்டாருக்கு நீறு பூசினார். வரும் வழியில் இதற்கென்றே கோயிலில் மாலையும் சூடமும் சேர்த்து வாங்கிவந்திருந்த சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாலை போட்டுச் சூடம் காட்டினார்.

“பூசை போட்டாச்சு. சூடம் காட்டுன எந்திரத்த மறுநா வரைக்கும் தொடக்கூடாதுன்னு ஒங்களுக்கே தெரியும். தொடுறவன் தொடுங்க!”

ஆயுதபூசை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூசை போட்ட ஆயுதத்தைத் தொட்டுக் கை விளங்காமல் போனவர்கள் கதை அவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. நான்கு பேரும் கையிலிருந்த குறடுகளைக் கீழே போட்டுவிட்டு விலகினார்கள்.

துரைக்கண்ணுவுக்கு வெறி ஏறியது. மூலையில் கிடந்த அவருடைய துடைப்பத்தை எடுத்து, மூங்கில் காம்பு முறியும்வரை முதுகில் அடித்தான். இரும்புக் குழாயை எடுத்து வலது மணிக்கட்டை நொறுக்கினான். முழங்காலில் அடித்தபோது எலும்பு உடையும் ஓசை கேட்டது.

“வலிப்புன்னு சொல்லுடா!”

“கரண்டுதான் கொன்னுச்சு” என்றார் அடியார். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னார். இடையிடையே ‘சிவ சிவ’ என்றார்.

அவரை உதைத்துத் தள்ளி, மாலையைப் பிய்த்தெறிந்து, துரைக்கண்ணு தானே சட்டத்தைப் பற்றிக் கம்பியைப் பூட்டக் குனிந்தான். அந்நேரம் வாசலில் ஆய்வாளரின் ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. சுவருக்கு அப்பால் நின்ற முதலாளி, வேலை முடிந்திருக்கும், ஆலை ஓடுவதாகக் காட்டுவோம் என்று மெயினைப் போட்டுவிட்டார்.

துரைக்கண்ணுவின் உடம்பு வில்லாக வளைந்தது. கண்கள் பிதுங்கின. அதே நாற்றம் மறுபடி எழுந்தது. காய்ந்த மூங்கில் காம்பு ஒன்று போதும், அவனைத் தள்ளிவிடலாம். அதைத்தான் அவன் அடியார் முதுகிலேயே முறித்துவிட்டானே! எழ முடியாத அடியார் ஈரத் தரையில் ஊர்ந்து போனார். நொறுங்கிய மணிக்கட்டையும் பாராமல், தம்மை உடைத்தவனின் கால்களை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, “சாமீ!” என்று அலறி இழுத்தார். இருவரும் உருண்டு விழுந்தார்கள்.

உள்ளே வந்த ஆய்வாளர் அம்மையார் மெயினை அணைக்கச் செய்து மோட்டாரைச் சோதித்தார். எர்த் இல்லை. உள்ளங்கை வெந்த துரைக்கண்ணு சின்னையன் காலில் விழுந்தான். “நாந்தான் கழட்டுனேன். ஒம் பொண்டாட்டியக் கொன்னது நாந்தான்!”

வேம்பு மின்கசிவால் இறந்தாள் என்று எழுதி, அதைச் சின்னையன் காதுகேட்க உரக்கப் படித்தார் அம்மையார். பிறகு அடியாரின் உடம்பைப் பார்த்துத் திகைத்தார். அடிபட்ட காயங்கள் இருந்தன. மின்சாரம் பாய்ந்த தடம் ஒன்றுகூட இல்லை.

அப்போது கோயில் குருக்கள் மழையில் ஓடிவந்தார். “யாரும் கிட்டயே போகலீங்க, வெளக்கும் தூரத்துல இருந்துது. சாமிக்குச் சாத்தின வேட்டி தானா கருகிப் போச்சு. ரெண்டு கை அளவுக்கு, பக்கத்துக்கு ஒண்ணா, யாரோ ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்ச மாதிரி!”

ஆலை முழுவதும் கைகூப்பியது. அடியார் மட்டும் குழந்தைபோல் அழுதார். மறுநாள் விடியலில் கட்டுப் போட்ட கையும் காலுமாகத் தம்மைச் சந்நிதிக்குத் தூக்கிப்போகச் சொன்னார். வழக்கம்போலச் சேதி சொன்னார்.

“சாமி, நேத்து வேம்பக் கரண்டு கொன்னுச்சு, மேஸ்திரி கைய வேக வச்சுது. எனக்கு அடிக்க வேண்டிய ஷாக்க வேற ஒருத்தரு வாங்கிக்கிட்டாரு. அது நீதான். எரியுதா சாமி? எர்த் போட்டாச்சு. இனிமே ஒனக்கு அடிக்காது.”

ஊர் இடியைத் தாங்கிய ஈசருக்கே வலிக்குமோ என்று வருந்திய அந்த அன்பு, என்றும் வாழ்க.