ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

"என் கணக்கு சரியாத்தான் வருது மேடம். இந்த மட்டிதான் ஒத்துக்க மாட்டேங்குது," என்றார் பெலிக்ஸ்.

பெலிக்ஸ் துறைமுகப் பொறியாளர். ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவராகி, தம்மைவிடப் பத்து வயது இளைய பேராசிரியர் நப்பின்னைக்குச் சீடரானவர். துறைமுகச் சேற்றில் படிந்த பாதரசம் தண்ணீருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏறவே இல்லை என்றது கணக்கு. அங்கே பொறுக்கிய மட்டிச் சிப்பிகளின் சதையிலோ பாதரசம் மண்டிக் கிடந்தது.

"மட்டி அளவை மட்டும் விட்டுரலாமா? மெஷின்ல கோளாறுன்னு எழுதிக்கலாம்."

"என்ன அவசரம் சார்?"

"நாளைக்கு அறிக்கையில நான் கையெழுத்துப் போடணும். போட்டா மட்டி பொறுக்குற தடை போயிரும். ரெண்டு வருஷமா எங்க ஊர்ப் பொம்பளைங்க வயித்துல ஈரத்துணியப் போட்டுட்டு இருக்காங்க. என் தங்கச்சி புதுக் கூடையே வாங்கிட்டா."

பாவம், மனிதர் கெட்டவரில்லை. ஊருக்கு ஒரு நல்ல சேதி சொல்ல ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

நப்பின்னை அலமாரியைத் திறந்தார். அடிச்சேறும் மேல்தண்ணீருமாக பெலிக்ஸ் எடுத்து வந்த கண்ணாடிக் குப்பிகள் உள்ளே நின்றன.

"தேதியப் படிங்க."

பெலிக்ஸ் நாற்பது குப்பியையும் படித்தார்.

"எல்லாம் ஞாயித்துக்கிழமை மேடம். மத்த நாள்ல கப்பல் ஓடும். சின்னப் படகுக்கு பாஸ் கிடையாது. பாஸ் குடுக்குற ஆளே நான்தானே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நப்பின்னை சிரிக்கவில்லை. "மட்டி எந்தெந்தக் கிழமை அங்க இருக்கும்?"

பெலிக்ஸ் குப்பிகளின் தேதிகளை மறுபடி பார்த்தார்.

நப்பின்னை ஒரு குப்பியை எடுத்தார். சேற்றுக்கு மேலே தண்ணீர் பளிங்காகத் தெரிந்தது. ஒரே குலுக்கு. கையெழுத்துக்குக் காத்திருந்த அறிக்கையின் மேல் அதை வைத்தார்.

தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது.

செல்பேசி அடித்தது. தங்கை. பெலிக்ஸ் எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார், கெஞ்சுகிற குரலில். "தெளிஞ்சிரும்."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு விரல் அளவு தெளிந்தது.

"அடுத்த கப்பல் வந்து சேத்தைக் கலக்குறது எத்தனை மணிக்கு சார்?"

துறைமுகத்தில் அவருக்குத் தெரியாத நேரமா?

"பதினொண்ணரைக்கு."

நப்பின்னை மறுபடியும் குப்பியைக் குலுக்கினார்.

செல்பேசி மீண்டும் அடித்தது. இந்த முறை பெலிக்ஸ் எடுத்தார்.

"கூடையத் திருப்பிக் குடுத்துரும்மா," என்றார்.