பூவரசனின் வயிற்றுக் கட்டு

காவல் குரங்கைப் பட்டினி போட்டார்கள் என்று அந்தக் காட்டில் யாரும் வாய் திறந்து சொல்லிவிட முடியாது.

குளத்தங்கரை அத்திமரத்தில் நாற்பது குரங்குகள் கூட்டமாக வாழ்ந்தன. அதில் பூவரசன் என்ற குரங்குதான் காவல்காரன். உச்சிக்கிளையில் உட்கார்ந்து, சிறுத்தை வருகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். காவல் காப்பவன் இறங்கிப் போய் இரை தேட முடியாது அல்லவா? அதனால் ஒவ்வொரு குரங்கும் தான் தின்பதில் ஒரு பிடியை அவனுக்கு மேலே கொண்டுபோய்க் கொடுக்கும். அதற்குக் காவல் பங்கு என்று பெயர். கொடுத்த பங்கை வாங்க மறுத்தால், “உன் உறவே எனக்கு வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

பூவரசன் யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவன். முப்பத்தொன்பது பேர் கொடுத்தால் முப்பத்தொன்பது பிடியையும் தின்பான். தின்றுவிட்டு, “ரொம்ப ருசி!” என்றும் சொல்வான். இப்படியே ஆறு வருஷம் போனது. இரண்டு குரங்கின் எடைக்குப் பெருத்துவிட்டான்.

கோடையில் குளம் வற்றிவிடும். அப்போது கூட்டம் பள்ளத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும். அங்கேதான் வற்றாத சுனை இருந்தது. பள்ளத்தைத் தாண்ட ஒரே வழி, இக்கரை நாவல் மரத்தின் நீண்ட கிளை. அதன் நுனிக்குப் போய் அக்கரை மரத்துக்குத் தாவ வேண்டும். கீழே வெறும் பாறை. திரும்பி வருவது சுலபம்; மேடான அக்கரையிலிருந்து இக்கரைக்குக் குதித்துவிடலாம். காவல்காரன் எல்லாருக்கும் கடைசியாகத்தான் தாவ வேண்டும் என்பது அவர்களின் வழக்கம்.

போன சித்திரையில் பூவரசன் தாவியபோது அந்தக் கிளை சடக்கென்று சத்தம் போட்டது. ஒரு கையால் அக்கரை மரத்தைப் பிடித்துத் தொங்கினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

மழை வந்து கூட்டம் திரும்பிய பிறகு, ஒருநாள் தனியாகப் போய் அந்தக் கிளையைத் தடவிப் பார்த்தான். அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. சுண்டுவிரல் உள்ளே போனது! மற்றவர்களை அது தாங்கிவிடும். அவனைத் தாங்காது. தாவினால் பாறை. தாவாவிட்டால் தண்ணீர் இல்லாமல் இக்கரையிலேயே சாவு.

அன்றைக்கு அவனைப் பயம் பிடித்தது. பிறகு விடவே இல்லை.

தின்பதைக் குறைத்துப் பார்த்தான். இரண்டு நாள் கொழுந்து இலையை மட்டும் மென்றான். மூன்றாம் நாள் சேமந்திச் சித்தி வாழைப்பழத்தோடு மேலே வந்து நின்றாள். “உனக்குன்னே எடுத்து வெச்சேன்யா!” என்றாள். அவ்வளவுதான். விரதம் வாழைப்பழத்தோடு உள்ளே போய்விட்டது.

அந்த ஐப்பசியில் அவன் சிநேகிதன் கோரையன் என்ற காட்டுப்பன்றி மரத்தடிக்கு வந்தது. வந்ததும் வராததுமாக, “ஏலே, என் வயித்தைப் பாத்தியா?” என்றது. பன்றியின் வயிறு பாதியாக வற்றியிருந்தது.

“என்னடா செஞ்சே?”

“கட்டிக்கிட்டேன்! நம்ம தூக்கணாங்குருவி வைத்தியர் இருக்காரே, நார்முடியார், அவர் மயக்க இலை கொடுத்துப் படுக்க வைப்பார். வயித்தைக் கொஞ்சூண்டு திறந்து, உள்ள இரைப்பையோட மேல்பக்கத்துல பச்சை நாரால ஒரு கட்டு போடுவார். அப்புறம் நீ நெனைச்சாலும் நெறைய தின்ன முடியாது!”

“வலிக்குமா?”

“அதெல்லாம் ஆறிரும். ஆனா ஒண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடாதே! நானும் விடலை. தெரிஞ்சா ‘வாயைக் கட்ட முடியாம வயித்தைக் கட்டிக்கிட்டான்’னு காடு முழுக்கச் சிரிக்கும்.”

பூவரசனுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. யாரிடமும் எதையும் மறுக்க வேண்டாம். யாருக்கும் எதுவும் தெரியவும் வேண்டாம். கட்டு உள்ளே இருந்து தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சித்திரைக்குள் உடம்பு இளைத்துவிடும்!

மறுநாள் ஒரு சாக்குச் சொல்லி, காவலுக்கு வேறொருவனை உட்கார வைத்துவிட்டு வைத்தியரைப் பார்க்கப் போனான். மஞ்சள் தலை நார்முடியார், ஈச்சமரத்தில் ஒரு பாதிக் கூட்டைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்து மட்டையில் கொஞ்சம் அத்திப்பழமும் ஒரு சிரட்டைத் தேனும் இருந்தன. வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டின் மேல்பாதியில் ஒரு நாரைச் சுற்றி இறுக்கினார்.

“இதுதான் உன் இரைப்பைன்னு வெச்சுக்கோ. அந்த அத்திப்பழத்தைப் போடு.”

போட்டான். மூன்று பழத்திலேயே மேல்பகுதி நிறைந்துவிட்டது.

“பாத்தியா? கொஞ்சம் தின்னதுமே நிறைஞ்சுபோகும். இப்ப அந்தத் தேனை ஊத்து.”

ஊற்றினான். தேன் கட்டைத் தாண்டி அடிவரை வழிந்து, அவன் கையிலேயே சொட்டியது.

“தேனை நக்குறவனுக்கு இந்தக் கட்டு ஒண்ணும் செய்யாது. திட உணவைக் கூழாகிற வரைக்கும் மெல்லணும். மெல்லாம விழுங்கினா அடைக்கும், வாந்தி வரும், கட்டு நழுவும். மாசாமாசம் என்கிட்ட வந்து காட்டணும். பச்சை நார் கிடைக்கிறது கார்த்திகை வரைக்கும்தான். காய்ஞ்ச நார்ல முடிச்சு நிக்காது. யோசிச்சு வா.”

பூவரசன் கையில் ஒட்டிய தேனைப் பார்த்தான். நக்க மனம் வரவில்லை. “இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கட்டியிருக்கீங்க, வைத்தியரய்யா?”

“பதினொரு பேருக்கு.”

“எல்லாரும் மயக்கம் தெளிஞ்சு எழுந்திரிச்சாங்களா?”

“பத்துப் பேர் எழுந்தாங்க. ஒருத்தர் எழுந்திரிக்கலை. உன்கிட்டப் பொய் சொல்லிக் கட்ட எனக்கு மனசு வராது.”

பூவரசன் கிளம்பிவிடலாமா என்று பார்த்தான். ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டான். “கூட்டத்துக்குத் தெரியாம முடிச்சிர முடியுமா?”

“உனக்கு எத்தனை கை ஊட்டுது?”

“முப்பத்தொன்பது.”

“ஒரு வயித்தைக் கட்டலாம்ப்பா. முப்பத்தொன்பது கையையும் கட்டுறதுக்கு இந்தக் காட்டுல நார் போதாது!”

பூவரசன் திரும்பி வந்து உச்சிக்கிளையில் உட்கார்ந்தான். கண் சிறுத்தையைத் தேடியது. மனம் மட்டும் பதினொன்றில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்காத அந்த ஒருவர் யார்? அவருக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? கட்ட வேண்டாம் என்று முடிவு செய்வான். உடனே சுண்டுவிரல் போன அந்த வெடிப்பு ஞாபகம் வரும். கட்டிவிடலாம் என்று முடிவு செய்வான். உடனே மயக்க இலை ஞாபகம் வரும். இதற்கிடையே பங்குகள் வந்துகொண்டே இருந்தன. பயத்தில் இரண்டு மடங்கு தின்றான்.

கார்த்திகை பிறந்தது. ஒருநாள் உச்சிவெயிலில் குளத்துப் பக்கமிருந்து அலறல் கேட்டது. பூவரசன் எட்டிப் பார்த்தான். கோரையன் சேற்றில் புரண்டு துடித்துக்கொண்டிருந்தது!

நார்முடியார் பறந்து வந்தார். மயக்க இலை வந்தது. நழுவிப்போன கட்டை அறுத்து எடுப்பதற்குள் பன்றிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இரண்டு நாள் கழித்து, பேச்சு வந்ததும், கோரையன் பூவரசனைக் கூப்பிட்டுவிட்டது.

“மச்சான் வீட்டு விருந்துடா. தங்கச்சி முழு வள்ளிக்கிழங்கைக் கொண்டாந்து வெச்சிட்டா. ‘என்னண்ணே, எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலையா?’ன்னு கேட்டா. ‘வேண்டாம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா ஏன்னு கேப்பா. கட்டு விஷயம் தெரிஞ்சுபோகும். அதான் மெல்லாம முழுங்கிட்டேன்.”

“அப்போ கட்டிக்க வேண்டாம்னு சொல்றியா?”

“அப்படிச் சொல்லலைடா! கட்டு அதோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு உனக்குச் சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. அதை மறந்திரு.” பன்றி கண்ணை மூடிக்கொண்டது.

பூவரசன் நேராகத் தன் மனைவி காந்தளிடம் போனான். இத்தனை நாள் அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளையில் வெடிப்பு இருப்பதைச் சொன்னான். வைத்தியரைச் சொன்னான். பதினொன்றில் ஒன்றையும் சொன்னான்.

காந்தள் வெகுநேரம் தன் வால் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். “அந்த வெடிப்பை நானும் பாத்தேங்க,” என்றாள். “மழை வந்து திரும்பின அன்னைக்கே பாத்தேன். சொன்னா உங்க மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்து மெலிந்திருக்கிறார்கள். பூவரசனின் உடம்பு மட்டும்தான் மெலியவில்லை!

“நான் என்ன செய்யட்டும், காந்தள்?”

“எனக்குத் தெரியலைங்க. கட்டுறதும் பயமா இருக்கு. கட்டாம விடுறதும் பயமா இருக்கு. ஆனா சும்மா இருந்தா சித்திரை வந்துரும். எது செஞ்சாலும் ஒளிச்சு மட்டும் செய்யாதீங்க. ஒளிச்சவன் பட்ட பாட்டைத்தான் குளத்தங்கரையில பாத்தோமே!”

மறுநாள் பங்கு நேரம். முதலில் வந்தது சேமந்திச் சித்திதான். கையில் அதே வாழைப்பழம்.

பூவரசனுக்குக் கை நடுங்கியது. சிறுத்தையைக் கண்டபோதுகூட அவன் இவ்வளவு நடுங்கியதில்லை. “வேண்டாம் சித்தி,” என்றான்.

கீழே மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றுவிட்டன.

“வேண்டாமா?” சித்தியின் முகம் சிவந்தது. “என் கைப் பழம் கசந்துபோச்சா? நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலை சித்தி. நாவல் மரத்துக் கிளை வெடிச்சிருக்கு. இந்த உடம்போட தாவினா நான் செத்துருவேன். வயித்துக்குக் கட்டுப் போட்டுக்கப் போறேன். அதுல எழுந்திரிப்பேனான்னும் தெரியாது. எழுந்திரிச்சாலும் இனிமே இத்தனை பங்கை என்னால வாங்க முடியாது. உங்க யார் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. பயமாத்தான் இருக்கு.”

ஒரு வாலிபக் குரங்கு களுக்கென்று சிரித்தது. காந்தள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

சித்தி பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு தடுமாறினாள். “அப்போ காவல் பங்கை நாங்க எப்படிக் கொடுக்கிறது? சும்மா கையை வீசிக்கிட்டு வந்து போறதா?” அவள் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. கொடுத்துப் பழகிய கைக்கு வேறு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

பூவரசன் யோசித்தான். பிறகு கூச்சத்தோடு முதுகைத் திருப்பிக் காட்டினான். “இங்க ரொம்ப நாளா கை எட்டலை சித்தி. பேன் பாத்துவிடுங்களேன்.”

சித்தி பழத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அவன் முதுகில் பேன் பார்க்க உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. அன்றைக்கு முப்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு பேனாவது எடுத்தார்கள். காவல்காரனுக்குச் சாப்பாடு காந்தள் ஒருத்தி மட்டும் கொண்டுவருவது என்று முடிவானது.

கார்த்திகை முடிய நான்கு நாள் இருந்தபோது பூவரசன் நார்முடியாரிடம் போனான். இந்தத் தடவை தனியாகப் போகவில்லை. கூட்டமே ஈச்சமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. மயக்க இலையை மெல்லும் முன் அவன் காந்தளின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடி மெல்லத் தளர்ந்தது. காலையில் மூடிய கண், வெயில் தலைக்கு மேல் வந்த பிறகும் திறக்கவில்லை. காந்தள் பதினொன்றில் ஒன்றை நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே நினைத்தாள். நிழல் சாய்ந்தபோது அவன் கால் கட்டைவிரல் அசைந்தது. அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

அப்புறம் எல்லாம் சுகமாக நடந்ததா? இல்லை. தை மாதத்தில் ஒருநாள் அவசரமாக விழுங்கி வாந்தி எடுத்தான். ஒருமுறை திருட்டுத்தனமாகத் தேனடையை நக்கினான். மாலையில் அவனே காந்தளிடம் சொல்லிவிட்டான். மாதம் தவறாமல் வைத்தியரிடம் போனான். எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்போதும் கூட்டத்தில் அவன்தான் குண்டன்.

சித்திரை வந்தது. குளத்தில் சேறு வெடித்தது. ஒவ்வொருவராகத் தாவி அக்கரை சேர்ந்தார்கள். கடைசியாகப் பூவரசன் கிளையில் கால் வைத்தான். கிளை முனகியது. அடுத்த அடி வைத்தான். வெடிப்பு வாய் திறப்பது கண்ணுக்கே தெரிந்தது. அக்கரையில் காந்தள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நுனிக்குப் போனான். தாவினான்!

இரண்டு கையும் அக்கரை மரத்தைப் பிடித்தன. பின்னால் திரும்பிப் பார்த்தான். கிளை ஆடிக்கொண்டிருந்தது, முறியவில்லை.

காந்தள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சேமந்திச் சித்தி வந்தாள். கையில் ஒரு வாழைப்பழம்.

“இப்படி இளைச்சுப்போயிட்டியே ராசா! இன்னைக்கு ஒருநாள் மட்டும், ஒண்ணே ஒண்ணு!”

பூவரசன் சிரித்தான். இந்தத் தடவை அவன் கை நடுங்கவில்லை. “வேண்டாம் சித்தி,” என்று சொல்லி முதுகைக் காட்டினான்.

வயிற்றுக்குக் கட்டுப் போட வைத்தியர் கிடைப்பார், ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லை நம் வாயால் நாமேதான் சொல்ல வேண்டும்.