சூரியனுக்கு ஆணி அடித்தவர்கள்

முட்டாள்களைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் பக்கத்து ஊர்க்காரனைத்தான் இழுப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். நாலில் ஒருத்தன் நான். அதுவும் தலைமை.

தொழில் மேடை அலங்காரம். ஓடைப்பேட்டையில் கல்யாணமோ சடங்கோ காதுகுத்தோ, 'செண்பகா டெக்கரேஷன்ஸ்' என்று மூலையில் சின்ன எழுத்தில் இருந்தால் அந்த மேடை எங்களுடையது. மாடக்கண்ணு படம் வரைவான். இசக்கியப்பன் தச்சு வேலை. தாவீது லைட்டு. சொரிமுத்து என்கிற நான் மேற்பார்வை. அதாவது, அவர்கள் மூணு பேரும் தனித்தனியாகச் செய்கிற தப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுப்பது என் பொறுப்பு.

செண்பகா என்பது என் பெண்டாட்டி செண்பகவல்லி. எங்கள் ஊர் கேபிள் சேனல் கீழ்த்திசை டிவியில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். எட்டு வருஷமும் குரல் மட்டும்தான். இரங்கல் அறிவிப்பு, காணாமல் போன ஆடு மாடு, இன்று குடிதண்ணீர் வராத தெருக்கள், இதெல்லாம் அவள் வாசிப்பாள். முகத்தை ஒரு நாளும் காட்டியதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு, தண்ணீர் வராததற்கே அந்தக் குரல்தான் காரணம் என்று ஒரு நினைப்பு.

இந்தச் சித்திரையில்தான் முதலாளி மனசு இரங்கினார். காலை ஏழு மணியிலிருந்து எட்டு வரை செய்தி. செண்பகம் உட்கார்ந்து, முகம் காட்டி வாசிக்கலாம். ஆனால் அந்த ஏழு மணியின் மேல் ராசிக்கல் ஜோசியர் கார்மேகத்துக்கும் ஒரு கண். அவருக்கு எட்டு மணி கொடுத்திருந்தார்கள். முதல் நாளே நிகழ்ச்சி சந்தி சிரித்தால் ஏழும் அவருக்கு, எட்டும் அவருக்கு, செண்பகம் மறுபடி தண்ணீர் வராத தெருவுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், செட் போடுகிற வேலையை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது செண்பகம்தான். அதுவரைக்கும் அவளை நான் புத்திசாலி என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னங்க, இது கல்யாண மேடை இல்ல. ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

மறுநாள் மேனேஜர் நல்லபெருமாள் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குள் வந்து பார்த்தார். சிவப்பு வெல்வெட்டில் இரண்டு ராஜா நாற்காலி. சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா. மேலே தெர்மாகோல் எழுத்தில் 'செண்பகவல்லி வெட்ஸ் காலைச் செய்திகள்'.

அண்ணாச்சி நாற்காலிகளை விரல் நீட்டி எண்ணினார்.

"அந்த இன்னொரு நாற்காலி யாருக்குப்பா?" என்று கேட்டார்.

"அது யாருக்கும் இல்ல அண்ணாச்சி. ஒத்த நாற்காலி போட்டா பாக்குறவங்க மனசு கஷ்டப்படும்லா" என்றான் இசக்கியப்பன்.

அண்ணாச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் இல்லாத நாற்காலி அவருக்காவது உதவியதே என்று எங்களுக்குத் திருப்தி.

பிறகு நிதானமாகச் சொன்னார். "இந்தா பாருங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி. பின்னாடி நம்ம ஊர் முழுசும் தெரியணும். சூரியன் உதிக்கணும். அவ்வளவுதான். நீங்களா எதையும் யோசிக்காதீங்க."

"யோசிக்க மாட்டோம் அண்ணாச்சி" என்று நாலு பேரும் வாக்குக் கொடுத்தோம். சொன்ன வாக்கை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஸ்டுடியோ முன்னால் சாக்குக் குடோனாக இருந்தது. மேசை, மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. மாடக்கண்ணு அந்தச் சுவரில் சூரியனுக்கு வட்டம் போட்டான். தாவீது அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏல, நீ எந்தத் திசையில சூரியனை உதிக்க வைக்கே?"

"படத்துலதான உதிக்குது."

"படம் எங்க இருக்கு?"

"சுவத்துல."

"சுவர் எங்க இருக்கு?"

மாடக்கண்ணு யோசித்தான். "மேற்க."

"வாசல்ல போர்டு பாத்தியா? 'பொய் கலக்காத செய்தி'ன்னு போட்டிருக்கு. மேற்க சூரியனை உதிக்க வச்சா, செண்பகம் மைனி வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே பொய் வந்துருமே."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. என் பெண்டாட்டியின் மானத்தைக் காக்க இப்படி ஒரு நண்பன். உடனே மேசை, நாற்காலி, விளக்கு, கேமரா எல்லாவற்றையும் அப்படியே திருப்பிக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். கிழக்குச் சுவரில் ஒரே ஒரு குறைதான். அந்த ஸ்டுடியோவின் ஒரே கதவு அதில் இருந்தது. சூரியன் உதிக்க வேண்டிய இடமும் சரியாக அதுதான். கதவிலேயே சூரியனை வரைந்துவிட்டோம்.

ஊர் முழுசும் தெரியணும் என்றாரே, அதற்கு மூணு நாள் ஆனது. மாடக்கண்ணு ஒரு வீட்டை விடவில்லை. செய்தி பரவி ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். எங்க மாடித் தொட்டி கறுப்பு, நீ நீலம் அடிச்சிருக்கே என்று ஒருத்தர். எங்க வீட்டு முன்னால ஆட்டோ நிக்கும், அதைக் காணோமே என்று ஒருத்தர். அந்த ஆட்டோவைத் தேடிப் போனோம். அது சவாரி போயிருந்தது. அது வருகிற வரைக்கும் காத்திருந்து பார்த்து வரைந்தோம்.

எல்லாம் முடிந்து செண்பகத்தை உட்கார வைத்துப் பார்த்தால், கவுன்சிலர் வீட்டைக் காணவில்லை. அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது.

"கவுன்சிலர் சும்மா இருப்பாரா? இடப்பக்கம் நகருங்க மைனி" என்றான் மாடக்கண்ணு.

நகர்ந்தாள். போலீஸ் ஸ்டேஷன் மறைந்தது.

"வேண்டாம். ஸ்டேஷன் இல்லாத ஊருன்னு திருடனுக்குத் தெரிஞ்சிரும்" என்றான் இசக்கியப்பன்.

வலப்பக்கம் நகர்ந்தாள். பஸ் ஸ்டாண்ட் போனது.

"காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டை மறைச்சா, வேலைக்குப் போறவன் எப்படிப் போவான்?" என்றான் தாவீது.

"நான் தலையைக் கழட்டி வச்சிட்டு வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள் செண்பகம். அதையும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தோம். பிறகு நான்தான் பெருந்தன்மையோடு சொன்னேன். "ஊருக்கு ஒரு நல்லதுன்னா நம்ம வீடு மறைஞ்சிட்டுப் போகட்டும்." எங்கள் வீட்டுக்கு நேராக மேசையை நகர்த்தினோம். மாடக்கண்ணு அந்த வீட்டுக் கதவில் மறக்காமல் ஒரு பூட்டு வரைந்தான். காலை ஏழு மணிக்கு நாங்கள் ரெண்டு பேரும் ஸ்டுடியோவில் இருப்போம் அல்லவா, பொய் கலக்கக் கூடாது.

முதல் நாள் வந்தது. ஆறு மணிக்கே செண்பகம் மயில் கழுத்து நிறச் சேலையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சேலை மடிப்பை நாலு தடவை சரிசெய்தாள். கேமராக்காரர் கேமராவை அவள் முகத்துக்கு நேராக வைத்து, ஓட விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நல்லபெருமாள் அண்ணாச்சி மாடியில் கன்ட்ரோல் ரூமில் இருந்தார். அவர் குரல் கதவுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் வரும்.

"ஏப்பா, சூரியன்ல கீல் தெரியுதே. தாழ்ப்பாள் தெரியுது. சூரியனுக்கு எங்கயாவது தாழ்ப்பாள் உண்டா?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் கண்டதில்லை.

"அரை மணி நேரத்துல அது தெரியக்கூடாது. ஏழு மணிக்கு மேல அந்தப் பிள்ளையைத் தவிர ஒருத்தனும் கேமராவுல தெரியக்கூடாது. சுத்தியல் சத்தம் கித்தம் எதுவும் கேக்கக்கூடாது."

கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் வைக்கிற வட்டப் பலகை ஒன்று எங்களிடம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். இசக்கியப்பன் அதைக் கதவோடும் நிலையோடும் சேர்த்து, மூணு இஞ்ச் ஆணியாக நாற்பது அடித்தான். ஒரு ஆணி ஸ்பீக்கர் ஒயருக்குள் இறங்கி, அண்ணாச்சி குரல் பாதியில் நின்றுபோனது. திருப்தியாகிவிட்டார் போல என்று எடுத்துக்கொண்டோம். மாடக்கண்ணு மஞ்சளும் ஆரஞ்சும் அடித்தான். அப்பேர்ப்பட்ட சூரியனை நிஜத்தில்கூட நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு அங்கே கதவு என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு ஞாபகத்தில் இல்லை.

சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்றாரே. சுத்தியல், கொறடு, கடப்பாரை எல்லாவற்றையும் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் வழியாக வெளியே போட்டுவிட்டோம். பிறகு நாலு பேரும் கேமராவுக்குப் பின்னால் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம்.

ஏழு மணி. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. "வணக்கம். செய்திகள் வாசிப்பது செண்பகவல்லி" என்றாள். பயம் போன இடம் தெரியவில்லை. எட்டு வருஷமாகச் செத்தவர்கள் பெயரை வாசித்த அதே குரல், இப்போது முகத்தோடு சேர்ந்து வந்தது. அழுதால் சத்தம் கேட்குமே என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஏழு இருபதுக்கு சூரியன் 'டொக் டொக்' என்றது.

"உதிக்கப் போகுது போல" என்று தாவீது என் காதில் சொன்னான்.

செண்பகம் லேசாகத் தலையைத் திருப்பினாள். எங்கள் வீடும் பூட்டும் ஒரு நிமிஷம் ஊருக்கே தெரிந்தன. பிறகு நேராக உட்கார்ந்து வானிலை வாசித்தாள்.

எட்டு மணிக்குச் சூரியன் இடி மாதிரி இடிபட்டது. வெளியே ஜோசியர் கார்மேகத்தின் குரல். "யாருப்பா உள்ள? திறங்க. என் நேரம் போயிட்டு இருக்கு."

"பாவம், யாருக்கோ நேரம் சரியில்ல" என்றான் இசக்கியப்பன். அதற்கு மேல் நாங்கள் மூச்சு விடவில்லை. அண்ணாச்சி உத்தரவு.

செண்பகம் சூரியனைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். "செய்திகள் தொடர்கின்றன" என்றாள். அந்த நிமிஷமே தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். திறந்தால் ஜோசியர் வந்து உட்காருவார், திறக்காத வரைக்கும் நாற்காலி தன்னுடையது. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்ககிட்ட சொன்னா திறந்திருப்பீங்களே என்றாள்.

செய்தி தீர்ந்தது. தண்ணீர் வராத தெருக்களை வாசித்தாள். பிறகு தண்ணீர் வரும் தெருக்களையும் வாசித்தாள். அது ஊருக்கே புதுச் செய்தி. நடுநடுவே விளம்பரம் ஓடியது. எட்டேமுக்கால் விளம்பரத்தில் மேசையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னடி செண்பகம்?" என்று பதறினேன்.

"முதலாளி எழுதியிருக்காரு. டீக்கடையில எல்லாம் கூட்டம் கூடி நின்னு பாக்குதாம். அவங்கவங்க வீட்டைத் தேடுதாங்களாம். சூரியனை யாரு தட்டுதாங்கன்னு சேனலுக்குப் போன் மேல போனாம். ஜோசியருக்குச் சாயங்காலம் மாத்திட்டாராம். ஏழும் எட்டும் இனிமே எனக்குத்தான்னு சொல்லுதாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாடக்கண்ணு சத்தமில்லாமல் கை தட்டினான்.

ஒன்பது மணிக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து சேனல் நிருபர் அனுப்பிய அவசரச் செய்தி ஒன்று லேப்டாப் திரையில் வந்தது. செண்பகம் அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். உதடு துடித்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"சற்று முன் கிடைத்த செய்தி. ஓடைப்பேட்டையில், முன்பு சாக்குக் குடோனாக இருந்த ஒரு கட்டடத்தில் ஐந்து பேர் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் ஆண்கள், ஒருவர் பெண். கதவு உள்பக்கமாக ஆணி அடிக்கப்பட்டிருப்பதால் அவர்களால் வெளியே வர முடியவில்லை. மீட்புப் பணி நடைபெறுகிறது." விளம்பரம் வந்தது.

எங்கள் நாலு பேருக்கும் முகம் தொங்கிப் போனது.

"அஞ்சு உசுரு. யாரு பெத்த பிள்ளைகளோ" என்றான் மாடக்கண்ணு.

"அதுல ஒரு பொம்பளப் பிள்ளை வேற" என்றேன். "அது புருஷன்காரன் இந்நேரம் எப்படித் துடிச்சிக்கிட்டு இருக்கானோ." மறுபடியும் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

"உள்பக்கமா ஆணி அடிச்சிருக்கான் பாருங்க. மனுஷன் செய்யுத வேலையா அது?" என்று இசக்கியப்பன் கொதித்தான். "நமக்கு ஆணி பிடுங்கத் தெரியும். சாமான் எல்லாம் வெளிய கிடக்கு, போற வழியில எடுத்துக்கலாம். வாங்கலே, போயிக் காப்பாத்துவோம்."

செண்பகம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இளகிய மனசு, அழுகிறாள் என்று நினைத்தேன்.

விளம்பரம் முடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தோம். மேற்குச் சுவரைத் தடவினோம். வடக்கே தடவினோம். தெற்கே தடவினோம். கிழக்கே ஊரும் சூரியனும்தான் இருந்தன. மறுபடி முதலிலிருந்து சுற்றி வந்தோம்.

தாவீது நடுவில் நின்று இடுப்பில் கை வைத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான். "எவ்வளவு செலவு பண்ணிக் கட்டியிருக்காங்க. ஒரு கதவு வைக்கத் தோணலையே. எந்த முட்டாப் பய பாத்த வேலை இது?"

எங்கள் மூணு பேருக்கும் தெரியவில்லை.