அப்சல்யூட்லி

சிறுமலை ஆசிரமத்துத் தில்லையம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், சீடர் தேசிகாமணிதான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். குருவைவிட இருபது வயது மூத்தவர்.

அவருக்குப் பிரியமான சொல் ஒன்று உண்டு. அப்சல்யூட்லி. அதை முன்னால் போட்டால் எந்த வாக்கியமும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் என்பார்.

ஒருநாள் மார்த்தா என்ற அம்மாள் வந்தார். தங்கையோடு பேசி ஒன்பது வருடம் ஆகிவிட்டதாம். தப்பு தன்மேல்தான் என்றார். தங்கைக்கு எழுதிய கடிதம் மடியில் இருந்தது.

"அவள் என்னை மன்னிப்பாளா?"

தில்லையம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சந்தேகம்தான்" என்றார்.

தேசிகாமணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். "அப்சல்யூட்லி நாட்."

மார்த்தா கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் தேசிகாமணி வெந்நீர் எடுக்கப் போனபோது, மார்த்தா அடுப்பின் முன்னால் நின்றிருந்தார்.

"அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மன்னிப்புக்குத் துளிகூட இடமில்லை என்று ஒருவராவது உண்மையைச் சொன்னாரே! கடிதத்தை நெருப்பில் போட்டுவிட்டேன். இனி காத்திருக்க வேண்டாம். இப்போது ஜீப் வந்துவிடும், கிளம்புகிறேன்."

தேசிகாமணி குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். காகிதச் சாம்பல் கறுத்துச் சுருண்டு கிடந்தது. துளிகூட இடமில்லை என்று யார் சொன்னது? அம்மா சொல்லவில்லையே.

கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. குருவின் அறைக்கு ஓடினார்.

"அம்மா, குடியைக் கெடுத்துட்டேன்" என்று, தான் அப்சல்யூட்லி சேர்த்ததையும் அதனால் நடந்ததையும் சொன்னார்.

தில்லையம்மா கோபப்படவில்லை. "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், வாத்தியாரே?"

"முழுக்க. அறவே. அதுக்கு மேல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"அந்தக் கதவைச் சாத்துங்க."

ஒருக்களித்துக் கிடந்த கதவைச் சாத்தினார்.

"அதுக்கு மேல?"

தாழ்ப்பாளைப் போட்டார். அறை இருண்டது.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணுமில்லையம்மா."

"நேத்து நான் பதில் சொன்னப்போ கதவு எப்படி இருந்தது?"

"ஒருக்களிச்சு."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "கடிதம் எரிஞ்சு போச்சே! நான் என்ன பண்ணுவேன் அம்மா?"

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் திரும்பித் தாழ்ப்பாளை இழுத்தார். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வாசலில் மார்த்தா பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அறைப் படியில் கால் வைத்த தேசிகாமணி நின்றார். "அந்த அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நான் சொன்னதை மட்டும் சொல்லுங்க" என்றார் தில்லையம்மா. "போறப்போ ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்துக்கிட்டுப் போங்க."