மழுங்கிய மூலைகள்

"டீச்சர், இந்த ஊர்ல ஒரு நல்ல ஸ்கோப்பாவது இருக்கா, இல்லையா?"

அமெச்சூர் ரேடியோ வகுப்பு முடிந்ததும் மாசிலாமணி கேட்டார். வகுப்பெடுக்கும் ரெஜினாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் அவருக்குக் குரு ரெஜினாதான்.

மாசிலாமணி தேர்வில் பாஸாகி, உரிமம் வாங்கி, டிரான்ஸ்மிட்டரையும் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தார். அதை ஆன் செய்யத்தான் பயம். அலை தாறுமாறாகப் போய் அடுத்தவர் பேச்சில் விழுந்தால் மானம் போய்விடும். அதை முதலில் திரையில் பார்த்துவிட ஒரு பழைய ஆஸிலோஸ்கோப் வேண்டும். பழையது என்றாலே பழுதானதைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று சந்தேகம்.

அதனால் விற்பவர் தரும் புரோப்பைத் தொடவே மாட்டார். அலையை ஸ்கோப்புக்குள் கொண்டுபோகும் அந்த ஒயரைச் சொந்தமாக வாங்கிப் பையிலேயே வைத்திருந்தார். மனிதர் அவ்வளவு உஷார்.

பார்த்த ஸ்கோப்பிலெல்லாம் ஒரே கோளாறு. ஸ்கோப்பிலேயே இருக்கும் சோதனை முனையில் புரோப்பை வைத்தால் சதுரமாகத் தெரிய வேண்டிய அலை, மூலை மழுங்கித் தெரிந்தது.

ரெஜினா அவரோடு பழைய கருவிக் கடைக்குப் போனார்.

அங்கேயும் மூலைகள் மழுங்கின.

"பாத்தீங்களா? இதுவும் பழுது."

ரெஜினா ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினார். ஸ்கோப்பைத் தொடவில்லை. மாசிலாமணியின் புரோப்பில் இருந்த குட்டித் திருகை லேசாகத் திருப்பினார்.

மூலைகள் கூராகி நின்றன.

ஸ்கோப் மாறும்போதெல்லாம் முதலில் புரோப்பை அதற்கேற்ப இப்படிச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்தது. மறுகணமே வியர்த்தது.

முன்பு அவர் பார்த்த ஸ்கோப்புகளில் ஒன்று நாச்சம்மையின் வீட்டில் இருந்தது. கணவரை இழந்த அவர், கணவரின் ஸ்கோப்பை விற்று மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பார்த்தார். அதைக் குப்பை என்று அந்தம்மாள் முகத்துக்கு நேராகச் சொன்னவர் மாசிலாமணி. அதோடு விட்டாரா? யாரும் ஏமாந்துவிடக் கூடாதே என்று ரேடியோ கிளப் முழுக்கச் சொல்லிவைத்தார். பிறகு ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இதை ரெஜினாவிடம் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார்.

"அந்தம்மா முகத்துல இனிமே எப்படி முழிக்கிறது? இதையே பேக் பண்ணச் சொல்லிடட்டுமா டீச்சர்?"

ரெஜினா கேட்டார்:

"அவங்க வீட்டுக்கு எந்த பஸ் போகும் சார்?"