நாலே முக்கால் பட்டியல்

ஆறுச்சாமியும் திருமூர்த்தியும் தங்களைக் குரு, சீடன் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஒருவர் சார், இன்னொருவர் மூர்த்தி, அவ்வளவுதான். கோவையில் ஒரு மில்லின் கூடைப்பந்து அணியில் ஆறுச்சாமி முதலில் ஆட்டக்காரர், பிறகு கோச், கடைசியில் செயலாளர். அவர் விட்ட இடத்துக்கெல்லாம் திருமூர்த்தி வந்தார். செயலாளராகி அன்றோடு மூன்று நாள்.

மாலை நாலரை மணிக்கு ஆறுச்சாமி மைதானத்து அறைக்கு வந்தபோது, திருமூர்த்தி ஒரு தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புது சீசனுக்கான பன்னிரண்டு பெயர்கள். கேப்டன் வின்சென்ட்டின் பெயர் அதில் இல்லை.

"முட்டி போச்சுங்க சார். டாக்டரே சொல்லிட்டார். இனி அவனை ஆட விட்டா கால் போயிரும்."

"அப்ப சரியாத்தான எழுதியிருக்க?"

"சரிதாங்க. ஒட்டத்தான் கை வரமாட்டேங்குது."

அந்த அணியில் ஒரு வழக்கம். நாலே முக்காலுக்குப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டியவர் உடனே பின் கேட் வழியாகக் கிளம்பிவிடுவார். ஐந்து மணிக்கு ஆட்டக்காரர்கள் முன் கேட் வழியாக வருவார்கள். பெயர் இருப்பவன் ஷூ மாட்டுவான். இல்லாதவன் மில் விடுதிக்குப் போய்ப் பெட்டி கட்டுவான். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஆறுச்சாமி. கோச்சாக இருந்தபோது தொடங்கிய அந்த வேலையைச் செயலாளரான பிறகும் அவர் யாரிடமும் விடவில்லை.

"போன வருஷம் ஃபைனல்ல முட்டிக்கு ஊசி போட்டுட்டு ஆடினான்," என்றார் திருமூர்த்தி. "போடச் சொன்னது நான். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க."

ஆறுச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எப்படிங்க சார் செஞ்சீங்க? பதினஞ்சு வருஷம். எத்தனை பேரைப் பட்டியல்லருந்து எடுத்திருப்பீங்க? உங்க முகத்துல ஒரு தடுமாற்றத்தை நாங்க பார்த்ததில்லையே."

"எப்படிப் பார்ப்ப? நான்தான் அங்க இல்லையே."

திருமூர்த்தி தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னையும் ஒரு வருஷம் எடுத்தீங்க."

"ஞாபகம் இருக்கு."

"பலகையைப் பார்த்துட்டு உங்களைத் தேடினேன். சண்டை போடறதுக்கில்லீங்க. எதுல குறைஞ்சு போனேன்னு கேக்கத்தான். பின் கேட் வரைக்கும் ஓடி வந்தேன். ஸ்கூட்டர் புகை மட்டும் இருந்துச்சு."

பதினோரு வருடமாகத் திருமூர்த்தி மனசுக்குள் வைத்திருந்தது இது. அடுத்த சீசனில் திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை, ஆறுச்சாமிக்குக் கீழே கோச்சாக வேலை பார்த்தபோதும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் ஆறுதலாக இல்லை, இன்னும் கொஞ்சம் வலித்தது.

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"எடுத்தவன்ல ஒருத்தன் முகத்தைக்கூட நான் பார்க்கலை, மூர்த்தி. அதனால அந்த வேலை எனக்கு நல்லா வருதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

எழுந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின் கேட்டைச் சாத்தினார், பூட்டினார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முன் கேட்டில் பைக் சத்தம் கேட்டது. எப்போதும் முதலில் வருகிறவன் வின்சென்ட்தான். தோளில் பையோடு, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தான். பலகை காலியாக இருப்பதைப் பார்த்ததும் நின்றான்.

திருமூர்த்தி தாளைக் கையில் எடுத்தார்.

"என்னன்னு சொல்றதுங்க சார்?"

"பேர் இல்லைன்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

"முட்டியைச் சொல்லு. ஊசி போடச் சொன்னது நீன்னும் சொல்லு."

திருமூர்த்தி வாசல் வரை போய் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அழுதுட்டான்னா?"

"அங்கேயே நில்லு."